நாற்பத்தொரு கேள்விகளும் மூன்று கைப்பம்புகளும்

மேடைப் பேச்சுப் பயின்றவர்களுக்கு ஒரு நோய் உண்டு. அவர்கள் கேள்வி கேட்பார்கள். ஆனால் பதில் வேண்டியிருக்காது. "இந்த நாடு எங்கே போகிறது?" என்று முழங்கும்போது, முன்வரிசையில் இருப்பவர் எழுந்து "கிழக்கே" என்று சொல்லிவிட்டால் பேச்சாளருக்குக் கோபம் வரும். கேள்விக்குப் பின்னால் கைத்தட்டல் வரவேண்டுமே தவிர, பதில் வரக்கூடாது. இந்த நோய் எனக்கு இருபத்திரண்டு வயதில் முற்றிய நிலையில் இருந்தது என்பதை இந்த அவையின் முன் ஒப்புக்கொள்கிறேன். (பாருங்கள், இப்போதும் அவை என்றுதான் வாயில் வருகிறது.)

2007ஆம் ஆண்டின் இறுதியில் நான் அண்ணாமலை நகரில் பொருளியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. படித்ததைவிடப் பேசியது அதிகம். கடலூர் மாவட்டத்தில் எங்கே பேச்சுப் போட்டி நடந்தாலும், என் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை எனக்கு முன்னால் போய் நிற்கும். சிதம்பரத்தில் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது நான் வாங்கிய கேடயம். அம்மா பருப்பு ஊற வைப்பது என் வெற்றிக் கோப்பைகளில். பெற்றோர் எனக்கு வைத்த பெயர் முரளி. ஒலிபெருக்கியில் அது எடுபடவில்லை என்பதால், 'சொற்போர்ச் சிங்கம்' என்றொரு பட்டத்தை எனக்கு நானே வழங்கி, அதை நானே ஏற்றுக்கொண்டு, அந்த விழாவுக்கு நானே நன்றியும் கூறியிருந்தேன்.

அந்தச் சிங்கத்துக்கு மலர்விழி என்றொரு அக்கா. கடலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். (ஊர்ப்பெயர் வேண்டாம். அவுங்க இதைப் படிப்பாங்க.) அக்காவின் கணவர் சேகர் மாமா, கடலூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். கார்த்திகை மாதத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வழக்கப்படி மூன்றாம் மாதம் குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அந்த ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை முளைத்துவிட்டது.

மாமாவின் ஊரில் மூன்று கைப்பம்புகள். ஒன்று மாரியம்மன் கோயிலருகே, ஒன்று பள்ளிக்கூடத்தருகே, இன்னொன்று மாமா வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. மார்கழியில் ஒரு நாள் ஜீப்பில் வந்த அதிகாரிகள் மூன்றிலும் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்து, சீட்டு ஒட்டி, எடுத்துப் போனார்கள். முடிவை யாரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வந்த ஜீப் ஓட்டுநர் டீக்கடையில், "மூணுல ஒண்ணு குடிக்க லாயக்கில்லையாம்" என்று சொல்லிவிட்டு, எது என்பதைச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எது கெட்டது என்று தெரியாததால் மூன்றும் கெட்டதாகிவிட்டன. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளியிருந்த அடுத்த ஊர்க் குழாய்க்கு நடக்கத் தொடங்கினார்கள்.

தை மாதம் மாமா, தாம்பாளத்தில் பழங்களோடு குழந்தையை அழைத்துப்போக வந்தார். அம்மா பாயை விரித்து, காப்பி கொடுத்து, எல்லாம் செய்தபின் மெதுவாகச் சொன்னார்:

"அனுப்பறதுக்கு என்னா மாப்ள. மூணுல எது கெட்ட தண்ணின்னு மட்டும் சொல்லுங்க. இன்னிக்கே அனுப்பறேன்."

"நீங்க வேற அத்த. அவன் எவனோ டீக்கடையில சொன்னதுக்கு... எங்க வாசப் பம்பு தேன் மாதிரி இருக்கும். அந்தத் தண்ணிய குடிச்சிதான் நான் இப்புடி இருக்கேன்."

அம்மா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "அதத்தான் நானும் பாக்கறேன்."

மாமா முகம் சுண்டிப் போனது. அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம், ஆனால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்று வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அரசு அலுவலகத்தின் அலமாரியில் இருப்பது அரசின் சொத்தன்று, மக்களின் சொத்து. முப்பது நாளில் அந்த முடிவை வாங்கிவந்து இந்தக் கூடத்தில் வைப்பேன். ஐந்தாம் மாதமான பங்குனியில் குழந்தை தன் தந்தையின் வீட்டில் தவழும். இதுதான் என் உரையின் சாரம். குழந்தை அழத் தொடங்கியதால் உரை பாதியில் முடிந்தது.

வீடு பக்கத்திலேயே இருந்தும், பேசிப் பழக நடைக்கூடம் வேண்டும் என்று நான் தங்கியிருந்த விடுதியில் என் அறைத்தோழன் கலீல். லால்பேட்டைக்காரன், கட்டடப் பொறியியல் மாணவன். அவனுடைய அத்தா, ஏரி மதகு எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்று இதே சட்டத்தில் கேட்டுப் பதில் வாங்கியவர். அந்த விண்ணப்பத்தின் நகலைக் கலீல் எனக்குக் காட்டினான். மொத்தம் மூன்று வரி. எனக்கு அவருடைய தமிழறிவின் மீது இரக்கம் வந்தது.

"எந்த பம்பு, என்ன ரிசல்ட்டு, எப்ப எடுத்தாங்க. முடிஞ்சிபோச்சு" என்றான் கலீல். "ஜாஸ்தி எழுதாதடா. அங்க படிக்கறவங்களுக்கு நூறு வேல இருக்கும்."

மூன்று வரியில் ஒரு சமுதாயத்தின் தாகத்தைச் சொல்லிவிட முடியுமா என்று அவனிடம் கேட்டேன். முடியும் என்றான். அவனிடம் கேள்வி கேட்டது என் தவறு.

நான்கு நாள் உழைத்தேன். பதினோரு பக்கம். நாற்பத்தொரு கேள்விகள். "பேரன்பிற்குரிய பொதுத் தகவல் அலுவலர் அவர்களே" என்று தொடங்கி, நதிக்கரை நாகரிகங்களைத் தொட்டு, மழையை வாழ்த்தி, மண்பானையின் பெருமை பேசி, ஏழாம் பக்கத்தில் மாமாவின் ஊரை வந்தடைந்தேன். எழுதி முடித்ததும் விடுதி நடைக்கூடத்தில் நின்று வாசித்துக் காட்டினேன். பக்கத்து அறைக்காரர்கள் கைதட்டினார்கள். ஓர் அரசு விண்ணப்பத்துக்குக் கைத்தட்டல் வாங்கியவன் இந்த மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கலீல் மட்டும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

கடலூரில், தண்ணீரைப் புட்டிகளில் எடுத்துப்போன அதிகாரிகளின் அலுவலகத்துத் தபால் பிரிவில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஓர் அம்மையார் இருந்தார். மேகலா மேடம் என்று கூப்பிட்டார்கள். அவருக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, முதல் பத்தியைத் தொடங்கினேன்.

"படிக்க வேணாம் தம்பி. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கா? வச்சிட்டுப் போங்க."

பாரதத்தின் நதிகள் எல்லாம் அப்படியே நின்றுபோயின. அவர் பக்கங்களை எண்ணினார், கடைசிப் பக்கத்தில் இருந்த கையொப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. விடுதி வாசலில் தபால்காரர், "சொற்போர்ச் சிங்கம் யாருங்க?" என்று கூவினார். பட்டத்தோடு கையொப்பமிட்டால் பட்டத்தோடுதான் பதில் வரும் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆனாலும் உறையின் கனம் என்னைப் பூரிக்க வைத்தது. தடிமனான உறை. நாற்பத்தொரு பதில்கள்.

"பிரிச்சுப் பாருடா மொதல்ல" என்றான் கலீல்.

பிரிக்கவில்லை. பட்டிமன்றத்தில் தீர்ப்பை யாராவது முன்கூட்டியே படிப்பார்களா? இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் வந்த கடிதமன்று. ஓர் ஊருக்கு வந்தது. ஆகவே ஊர் கூடிய அவையில், ஒலிபெருக்கியின் முன்னால், மக்களின் கண்ணெதிரே பிரிப்பதே முறை என்று முடிவு செய்தேன். மாமாவுக்குத் தொலைபேசினேன். அவர் மகிழ்ந்துபோனார். பங்குனி உற்சவத்துக்கென்று கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீடு வீடாகப் போய், மாலை ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் முன் கூடும்படி அழைத்தார்.

வந்தவர்களில் பாதிப்பேர் இடுப்பில் காலிக்குடத்தோடு வந்திருந்தார்கள். அடுத்த ஊர்க் குழாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டவர்கள். எது நல்ல பம்பு என்று தெரிந்தால் நேரே அங்கே போய்ப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. நான் என் சட்டையின் கஞ்சியைச் சரிபார்த்துக்கொண்டேன்.

உறையை உயர்த்திக் காட்டினேன். கிழித்தேன். ஒரு கையில் என் விண்ணப்பத்தின் நகல், மறுகையில் அரசின் பதில். என் கேள்வியை முழங்குவது, அதன்பின் பதிலைப் படிப்பது என்பது திட்டம்.

"கேள்வி ஒன்று. தண்ணீரின்றி இந்தத் தரணியில் ஓருயிரேனும் வாழ்ந்ததுண்டா?"

கைதட்டினார்கள். கோயில் மணியை யாரோ ஓர் அடி அடித்தார்கள். நான் பதிலைப் படித்தேன்.

"இவ்வினா இவ்வலுவலகப் பணி தொடர்பானதன்று."

சரி, முதல் கேள்வி முன்னுரைதானே என்று அடுத்ததற்குப் போனேன். ஏழையின் தாகத்துக்கு விலை என்ன என்று கேட்டிருந்தேன். "விலைப்பட்டியல் ஏதும் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை" என்று இருந்தது. அதிகாரிகளே, உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இந்த நீரைப் புகட்டுவீர்களா என்று கேட்டிருந்தேன். "அலுவலர்களின் குடும்ப விவரம் தனிப்பட்ட தகவலாதலால் வழங்க இயலாது." இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது? "எதிர்காலம் குறித்த ஆவணம் இல்லை."

நடுவில் குடத்தோடு நின்ற ஓர் அம்மாள் முதலில் சிரித்தார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பேச்சுப் போட்டியில் பாதியில் இறங்கினால் தோல்வி என்பது எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து சொல்லித்தரப்பட்ட பாடம். பதில்களில் ஏதோ ஒன்றில் அந்தப் பம்பு இருக்கத்தான் போகிறது என்ற உறுதியோடு குரலை இன்னும் உயர்த்தினேன்.

"கேள்வி பதினான்கு. எங்கே போனது மனசாட்சி?"

பதில்: "இப்பொருள் இவ்வலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. சட்டப்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப, அவ்வலுவலகத்தின் முகவரி கண்டறியப்படவில்லை."

"கேள்வி இருபத்துமூன்று. நாங்கள் என்ன கல்லா, மண்ணா?"

"விண்ணப்பதாரர் குறித்த ஆவணம் இல்லை. கல், மண் தொடர்பான தகவல்களுக்குக் கனிம வளப் பிரிவை அணுகவும்."

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான் கேள்வியைப் படிப்பேன். மூச்சு வாங்குவதற்குள் பெண்கள் கூட்டமாக, "ஆவணம் இல்லை" என்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. "விடியுமா?" என்பது என் நாற்பத்தோராவது கேள்வி. அதற்கு ஊரே சேர்ந்து பதில் சொன்னது. என் வாழ்நாளில் அவ்வளவு ஈடுபாடுள்ள அவையை அதற்கு முன்னும் பின்னும் நான் பெற்றதில்லை.

சிரிப்பு அடங்கியபோது மாமா மட்டும் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். மேடை என்று நான் கருதிய கோயில் படியருகே வந்தார்.

"மச்சான். எல்லாம் சரி. எந்தப் பம்புன்னு கேட்டியா?"

பதினோரு பக்கத்தையும் புரட்டினேன். முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை. ஏழாம் பக்கத்தில் கைப்பம்புகள் வந்தன. "மூன்று கைப்பம்புகள் மூன்று அன்னையர்போல் நின்று கண்ணீர் வடிக்கின்றன" என்று எழுதியிருந்தேன். அது ஒன்றுதான் பம்பைப் பற்றிய வாக்கியம். அதன் இறுதியில் முற்றுப்புள்ளி இருந்தது.

மாமாவின் காதருகே குனிந்து, "கேக்கல மாமா" என்று கிசுகிசுத்தேன். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தேன். என் கிசுகிசுப்பு கோயில், பள்ளிக்கூடம், வயல்வெளி அனைத்தையும் கடந்து போயிற்று. அன்று நான் பேசியதிலேயே மிகச் சுருக்கமானதும் தெளிவானதும் அதுதான் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊரை நோக்கி நடந்தார்கள். மாமா ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டினார். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்ப பங்குனியிலயும் புள்ள வராதா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வீட்டுக்குள் போனபோது பார்த்தேன். உத்தரத்தில் தொட்டில் கட்டியிருந்தது. பட்டறையில் தம் கையாலேயே செய்த சுருள்கம்பியில் தொங்கவிட்டிருந்தார். காற்றில் காலித்தொட்டில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. நான் அன்று மாமா வீட்டில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. (கேட்டால் எந்தப் பம்பிலிருந்து கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

அன்றிரவு சிதம்பரத்துக்குத் திரும்பி அம்மாவிடமும் அக்காவிடமும் நடந்ததைச் சொன்னேன். ஐந்தாம் மாதம் தவறினால் அடுத்து ஏழாம் மாதம், வைகாசி. அதற்குள் அந்த ஒற்றை விவரத்தைக் கொண்டுவருவேன் என்றேன். இம்முறை உட்கார்ந்துகொண்டே சொன்னேன். அக்கா, "நீ கேக்கப் போறியா, கலீல் கேக்கப் போறானா?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் தேவைப்பட்டது.

மறுநாள் காலை முதல் பேருந்தில் கடலூர். மேகலா மேடத்துக்கு என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"சிங்கம்தான?" என்றார். "உட்காருங்க. ரெண்டு வாரம் வேற வேல பாக்கல தம்பி உங்களால. நாப்பத்தொண்ணுக்கும் பதில் எழுதணும், ஒண்ணு விடக்கூடாதுன்னு அதிகாரி உத்தரவு. அந்த மனசாட்சிய எந்த ஆபீஸுக்கு மாத்தறதுன்னு மூணு பேருகிட்ட கேட்டேன்."

நான் தலைகுனிந்தேன். அவர் மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து மேலே வைத்தார்.

"உங்க ஊரு பம்பு ரிசல்ட்டு இதுலதான் இருக்கு. ஜனவரியிலயே வந்துடுச்சி. பதில் எழுதறப்ப பக்கத்துலயே வச்சிருந்தேன். எங்கயாவது கேட்டிருப்பீங்க, எழுதிடலாம்னு உங்க பதினோரு பக்கத்தயும் மூணு தடவ தேடுனேன். கடைசி வரைக்கும் நீங்க கேக்கவே இல்ல. கேக்காதத நானா எழுதி அனுப்ப முடியாது தம்பி."

ஒரு முழம் தூரத்தில் கோப்பு இருந்தது. ஒரு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. நான் அதை மறைக்கும் அளவுக்குச் சொற்களை அடுக்கியிருந்தேன். அலமாரிக்குள் மக்களின் சொத்தைப் பூட்டிவைத்திருப்பது அரசு என்று கூடத்தில் நின்று முழங்கியவன் நான். இந்த ஒரு வழக்கில் பூட்டுப் போட்டவனும் நானே.

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன். "இந்தக் கிராமத்தில் உள்ள மூன்று கைப்பம்புகளின் அவலநிலை குறித்து எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் ஆய்வு முடிவு நகல் வேண்டும். மாதிரி எடுத்த தேதி வேண்டும்."

மேகலா மேடம் படித்துப் பார்த்தார். "நல்லா இருக்கு. 'அவலநிலை'ய மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தேன். வலித்தது. கையொப்பம் முரளி என்று போட்டேன். அதுவும் வலித்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. விடுதி வாசலிலேயே பிரித்தேன். ஒரே தாள், மூன்று வரிசை. இரண்டுக்கு நேரே 'குடிக்க உகந்தது'. ஒன்றுக்கு நேரே 'நைட்ரேட் அளவு மிகுதி, குடிக்க உகந்ததன்று'. துள்ளிக் குதித்துவிட்டு மறுபடி பார்த்தேன். பம்புகளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எண்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பேருந்துச் சீட்டின் எண்போல நீளம். கோயில் பம்பு என்றோ பள்ளிக்கூடப் பம்பு என்றோ அரசுக்குத் தெரியாது. அந்த எண்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

"பம்பு போடறப்ப அடிச் சிமெண்டுல நம்பர் எழுதுவாங்கடா" என்றான் கலீல். முதன்முறையாக அவன் சொன்னதை நான் மறுபேச்சின்றிக் கேட்டேன்.

சித்திரை வெயிலில் மாமாவும் நானும் தேங்காய் நாரும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு பம்பு பம்பாகப் போனோம். பல ஆண்டுப் பாசியும் குங்குமமும் சுவரொட்டியின் பசையும் ஏறியிருந்தன. மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, குடத்தோடு போன ஒரு பெண், "என்னா தம்பி, இன்னிக்கு மைக் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் நாரை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். பேச்சாளன் மண்டியிட்டு வேலை பார்ப்பதைப் பார்க்க ஊரில் ஓர் ஆர்வம் இருந்தது; கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் சேர்ந்தது. நான் அழைக்காமல் வந்த முதல் கூட்டம்.

கோயில் பம்பின் எண் நண்பகலில் தெரிந்தது. தாளோடு ஒத்துப் பார்த்தோம். குடிக்க உகந்தது. கூடியிருந்தவர்களில் ஒருத்தி அப்போதே பம்பை அடித்துக் குடத்தை நிரப்பத் தொடங்கினாள். பள்ளிக்கூடப் பம்பின் எண்ணில் பாதியை யாரோ பூசி மறைத்திருந்தார்கள். மாமா வீட்டிலிருந்த தம் பட்டறை உளியைக் கொண்டுவந்து செதுக்கினார். கடைசி நான்கு எண்கள் தெரிந்தன. நான் தாளைப் பார்த்தேன். அதுவும் உகந்தது.

மீதி இருந்தது ஒன்றுதான். மாமாவின் வாசல் பம்பு. நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினேன்.

"பேசாத மச்சான்" என்றார் மாமா. "தெரிஞ்சிடுச்சி."

ஆனாலும் அந்த மூன்றாவது எண்ணையும் தேய்த்துப் பார்த்துவிடவேண்டும் என்று அவரே மண்டியிட்டார். நீண்ட நேரம் தேய்த்தார். எண் தெளிவாக வந்தது. தாளில் உள்ளதும் அதுவேதான். தேன் மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்த பம்பின் கைப்பிடியை அவர் இரண்டு முறை அடித்து, கொஞ்சம் தண்ணீரைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, கொட்டினார். பிறகு வீட்டிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து கைப்பிடியைச் சுற்றித் தாமே இறுக்கிக் கட்டினார். ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வைகாசியில், ஏழாம் மாதம், குழந்தை புறப்பட்டது. அம்மா தாமே போய் விட்டுவந்தார். கோயில் பம்பில் ஒரு குவளை அடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, அதே குவளையை நிரப்பி மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கிக் குடித்தார். இருவருக்கும் இடையில் இருந்த சண்டை, எதிரெதிரே பேசப்படாமலேயே முடிந்தது. தொட்டில் அன்று கனத்தோடு ஆடியது.

எண்ணும் பெயரும் பொருந்தாத கதையைக் கேட்ட மேகலா மேடம், தம் பதிவேட்டில் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்து, 'ஊரார் வழங்கும் பெயர்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். மூன்று பெயர்களை நான் சொல்ல, அவர் எழுதினார். பதினோரு பக்கத்தால் அரசிடம் எதையும் மாற்ற முடியாத நான், ஒரு கட்டத்தால் மாற்றினேன். பிறகு வந்த ஆண்டுகளில் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பம்புகளைக் கேட்டுப் போனபோது, அவர்களுக்கு எண்களோடு பெயர்களும் கிடைத்தன என்று கேள்விப்பட்டேன். அந்த மகிழ்ச்சிக்கு ஈடான கேடயம் எங்கள் வீட்டில் எந்தப் பானையின் மேலும் இல்லை.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப்போன மறுவாரம், மாமாவின் ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம் போகும். எழுதுபவர் மாமா. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டார். நான் எழுதித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். ஊரே ஒரே குரலில் வேண்டாம் என்றது.

முடிவு வந்ததும் அதை ஊர் அறிய எழுதிவைக்க, 2012இல் ஒவ்வொரு பம்பின் அருகிலும் சுண்ணாம்பு அடித்த சிறிய சுவர் எழுப்பினார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் நீல வண்ணமும் தூரிகையும் என்னிடம் தரப்பட்டன. தேதி, முடிவு, இவ்வளவுதான் எழுதவேண்டும் என்று மாமா இரண்டு முறை எச்சரித்தார். பள்ளிக்கூடச் சுவரில் அவ்வாறே எழுதினேன். கோயில் சுவருக்கு வந்தபோது நாலாபுறமும் பார்த்தேன், ஒருவரும் இல்லை. 'குடிக்கலாம்' என்பதற்கு முன்னால், 'தாராளமாக, நிறைந்த மனத்தோடு' என்று சேர்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் மாமா அந்த மூன்று சொற்களின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டார். சுவரின் மற்ற பகுதி ஆண்டுகள் போகப்போக மழையில் பழுப்பேறியது. தடித்துப் பூசிய அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாகவே நின்றது. பம்புக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அங்கே என்ன இருந்தது என்று கேட்டால், அக்காவின் மகள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே விளக்கம் சொல்கிறாள்.

"அதுவா? அந்த எடத்துல எங்க முரளி மாமா பேசியிருந்தாரு."